அமுதம் என்னுஞ் சொல்லின் ஆட்சி
(சைவப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஓர் இலக்கியப் பாடம்)

அமுதம் என்பதன் பொருள் யாது என்று வகுப்பிலே வினாவினால், தேவருணவு என்று மாணாக்கர் ஒருங்கே விடை கூறுவர். நிகண்டும் அகராதியும் அவ்வாறே கூறுதலின் அவ்விடை பிழையன்று. ஆயினும், அவ்வளவிலே நின்றுவிட்ட மாணாக்கன், திருக்குறளிலே மழை அமிழ்தம் எனப்படும்போதும், சிலப்பதிகாரத்திலே கண்ணகி வாழைக்குருத்து விரித்துப் படைத்த சோறு அமுதம் எனப்படும்போதும், திருவாசகத்திலே இறைவனே அமுது என்று விளிக்கப்படும்போதும் பொருள் காணமாட்டாது மயங்குவான். மயங்கியபின், "இது புலவர் புனைந்துரைக்கும் உயர்வு" என்று தனக்குத்தானே அமைதி கூறிக்கொண்டு அப்பாற் செல்வான். ஒரு சொல்லை இவ்வாறு கடந்து சென்றவன் அந்நூலின் உள்ளத்தையுங் கடந்து சென்றவனாவன். அவ்விழப்பு நேராமற் காத்தல் ஆசிரியர் கடன்.

ஆதலால், இச்சொல் தமிழ் நூல்களிலே ஆளப்பட்ட இடங்கள் சிலவற்றை ஈண்டு ஒழுங்குபட நோக்குவாம். ஒவ்வோரிடத்தையும் நோக்கும்போது மூன்று வினாக்களை மனத்திற் கொள்ளுக. அமுதத்தை ஈந்தவர் யார்? உண்டவர் யார்? ஈந்தவர்க்கு எஞ்சியது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் வரும் விடைகளைத் தொகுத்துப் பார்ப்பின், தனித்துண்டு சாவாதிருத்தற்குரிய பொருளாகக் கதையிலே பிறந்த அமுதத்தைத் தமிழ்ச் சான்றோர், பிறர்க்கு ஈதலினாலே இனிமை பெறும் பொருளாகக் கொண்டனர் என்பது விளங்கும்.

1. சொல்லின் பிறப்பு

அமிர்தம் என்பது வடசொல். அகரம் இன்மைப் பொருளை உணர்த்தி முன்னே நின்றது. மிருதம் என்பது இறந்தது எனப் பொருள்படும். மரணம், மிருத்தியு என்னுஞ் சொற்கள் பிறந்த அடியினின்றே இதுவும் பிறந்தது. ஆகவே, அமிர்தம் என்பதற்கு இறவாதது, இறவாமையைத் தருவது என்பன சொற்பொருளாம். யவனர் தங்கள் தேவருடைய உணவுக்கு வழங்கிய அம்புரோசியா என்னும் பெயரும் இதனோடு ஒரு குடிப்பிறந்த சொல் என்பது மொழிநூலார் துணிபு.

தமிழிலே இச்சொல் அமிழ்து, அமிழ்தம் எனச் சிறப்பு ழகரம் பெற்றுப் பழைய செய்யுட்களிலே வழங்கிற்று. அமுது, அமுதம் என்னும் வடிவங்கள் பின்னர்ப் பெருவழக்காயின. அமிர்தம் என்பது வடமொழி யோசைக்கு அணித்தான வடிவம். அமிழ்து என்பது தமிழடியிற் பிறந்த தனித்தமிழ்ச் சொல்லே என்று கூறும் அறிஞரும் உளர். அவ்வாராய்ச்சி மேல்வகுப்பு மாணாக்கர்க்குப் பயன்படும். ஆயினும், பாடவேளை முழுவதையும் சொற்பிறப்பு வழக்கிலே கழித்துவிட்டுச் செய்யுளின் பொருளைக் கூறாது விடுதல், இலையை விரித்துவைத்துச் சோறு படையாது விடுதல் போலும்.

இச்சொல்லுக்கு நூல்களிலே காணப்படும் பொருள்கள் பல. தேவருணவு, பால், நீர், சோறு, இனிமை, முத்தி என்பன அவற்றுட் சில. சீந்திற்கொடிக்கு அமிர்தவல்லி என்று மருத்துவநூலார் பெயரிட்டனர். இப்பொருள்களுள் நீரும் பாலும் சோறும் உயிரைத் தாங்குவன. சீந்தில் நோய் தீர்ப்பது. முத்தி பிறவியை அறுப்பது. உயிரை அழிவினின்று காத்தல் என்னும் ஒரு கருத்தே இவை எல்லாவற்றினும் ஊடுருவி நிற்றலை மாணாக்கர்க்குக் காட்டுக. அங்ஙனங் காட்டினால், தொடர்பில்லாத பல பொருள்களை நெட்டுருச் செய்யும் வருத்தம் அவர்க்கு ஒழியும்.

2. பாற்கடலிலே பிறந்த இரண்டு

தேவரும் அசுரரும் மந்தரமலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவுங் கொண்டு பாற்கடலைக் கடைந்த கதை எல்லாரும் அறிந்தது. அக்கடலிலே ஆலகால விடமும் பிறந்தது, அமிர்தமும் பிறந்தது. விடத்தைக் கண்டு அனைவரும் அஞ்சி ஓடினர். அமிர்தத்தைக் கண்டு அனைவரும் விரும்பி ஓடிவந்தனர். விடத்தைத் தாம் ஏற்றுத் திருமிடற்றிலே நிறுத்தி, அமிர்தத்தைப் பிறர்க்கு விட்டுக் கொடுத்தவர் சிவபெருமான். பிரதோட காலத்து வழிபாடு இந்நிகழ்ச்சியை நினைவுகூர்வதேயாம்.

அமிர்தம் பெற்றவர் நிலை யாதாயிற்று? அதன்பொருட்டுத் தேவரும் அசுரரும் பகைத்தனர். அசுரர் வஞ்சிக்கப்பட்டனர். களவினால் உண்ட இராகு தலை துணிபட்டான். உண்ட தேவரும் முடிவில்லாத வாழ்வு பெற்றிலர். அவர்க்கும் கால எல்லை உண்டு என்று சைவநூல்கள் கூறும். இவ்வுண்மையை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து வேட்டுவவரியிலே மிக நுட்பமாக அமைத்துள்ளார். அங்கே வேட்டுவமக்கள் கொற்றவையைப் பரவுகின்றனர். விண்ணோர் அமுதத்தை உண்டும் இறந்தொழிய, ஒருவரும் உண்ணாத நஞ்சை உண்டும் அழியாதிருந்து அருள்செய்வாய் என்பது அப்பரவுதலின் கருத்து. இறைவனுடைய செயலை அவன் சத்தியாகிய கொற்றவைமேல் ஏற்றி அவர்கள் கூறினர். அமுதுண்டவர் இறத்தலும் நஞ்சுண்டவர் நிலைத்தலும் எவ்வாறு என்று மாணாக்கர் வினாவுவாராயின், பாடம் நன்கு தொடங்கிவிட்டது என்று கொள்க. தமக்கென உண்டவர் எல்லைக்குட்பட்டனர். பிறர்பொருட்டு உண்டவர் எல்லை கடந்து நின்றனர் என்பது விடை.

திருக்கடவூர்த் தலவரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தேவர் அமிர்தகுடத்தை அங்கே வைத்தபோது, விநாயகரை வழிபட மறந்தமையால் அவர் அதனைக் கவர்ந்து மறைத்தனர் என்றும், பின்னர் அக்குடமே எடுக்கலாகாத இலிங்கமாய் நிலைபெற்றது என்றும் கூறுவர். கடம் என்பது குடம். ஆதலின் ஆங்குள்ள இறைவர் அமிர்தகடேசுரர் எனப் பெயர் பெற்றனர். மார்க்கண்டேயர் பொருட்டு இயமனைக் காலால் உதைத்த தலமும் அதுவே. தேவர் உண்ணக் கருதிய குடத்திற் கிடைக்காத இறவாமை, குடமே இறைவராகியபின் ஒரு சிறுவனுக்குக் கிடைத்தது.

வடமொழி நூல்களும் இவ்வுண்மைக்கு மாறானவையல்ல. பிருகதாரணியக உபநிடதத்திலே மைத்திரேயி, தன் கணவராகிய யாஞ்ஞவற்கியர் தர விழைந்த செல்வத்தினால் அமிர்தத்துவம் கிடையாதென்று அறிந்து, அதனை விடுத்து ஞானத்தை வேண்டினள். பகவற்கீதையின் நான்காம் அத்தியாயம், வேள்வி செய்து எஞ்சியதையே அமிர்தம் என்று கூறுகின்றது. கொடுத்தபின் எஞ்சியதே அமிர்தம் என்னும் இக்கருத்தை உளங்கொண்டு தமிழ் நூல்களுட் புகுவாம்.

3. சங்கச் செய்யுளில் அமிழ்தம்

புறநானூற்றின் 182ஆம் செய்யுளைப் பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. இவ்வுலகம் அழியாது நிலைபெறுதல் எதனால் என்னும் பெருவினாவை அவர் எழுப்பி, அதற்கு விடை கூறுகின்றார். இந்திரர்க்குரிய அமிழ்தமே கிட்டுவதாயினும் இனிதென்று தனித்து உண்ணாதவர்கள் இருத்தலினால் உலகம் உளதாகின்றது என்பது அவ்விடையின் முதற்கூறு. பின்னும் அவர், வெகுளியின்மை, சோம்பலின்மை, பழிக்கு அஞ்சுதல், பிறர்க்கென முயலுதல் முதலிய பண்புகளை அடுக்குகின்றார். அப்பண்புகளுக்கெல்லாம் முன்னே தனித்துண்ணாமையை வைத்தமை நோக்கத்தக்கது. அமிழ்தம் உண்டவன் ஒருவன் சாவாதிருப்பான் என்பது கதை. அமிழ்தத்தைத் தனித்துண்ணாதவனால் உலகமே சாவாதிருக்கும் என்பது இப்புலவர் கண்ட உண்மை. கடலிலே இறந்தமையாற் பெயர்பெற்ற ஒருவர் இறவாமையின் இலக்கணத்தை இவ்வாறு கூறியமை மாணாக்கர் நெஞ்சிற் பதியும்.

இனி, தகடூரை ஆண்ட அதியமான் நெடுமானஞ்சியின் வரலாற்றைக் காண்க. நெடுநாள் வாழ்விக்கும் ஆற்றலுடைய அரிய நெல்லிக்கனி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அதன் பயனை அவன் அறிவான். அறிந்தும் அதனை வெளியிடாது தன்னுள்ளே அடக்கி, அக்கனியை ஔவையாருக்குக் கொடுத்தான். இதனைச் சிறுபாணாற்றுப்படையிலே குறிப்பிடும் நல்லூர் நத்தத்தனார், அமிழ்து விளைந்த கனியென்றே அதனைச் சிறப்பிக்கின்றார். ஔவையார் இதனைப் பாடிய புறநானூற்று 91ஆம் செய்யுளிலே, அவனை வாழ்த்தும்போது எவரை உவமை கூறுகின்றார்? பிறையணிந்த நீலமிடற்றுப் பெருமானைப்போல நிலைபெறுவாயாக என்று வாழ்த்துகின்றார்.

உவமைகள் பல இருக்க ஔவையார் நீலமிடற்றைத் தெரிந்தெடுத்தது வாளாவன்று. கடலிலே பிறந்த அமிர்தத்தைப் பிறர் உண்ண விட்டு நஞ்சைத் தாம் ஏற்றவர் சிவபெருமான். மலையிலே விளைந்த அமிழ்தக் கனியைப் பிறர் உண்ண ஈந்து இறப்பைத் தான் ஏற்றவன் அதியமான். இரண்டு செயலும் ஒரு தன்மையன. நிலைபேற்றைத் தரும் கனியை ஈந்தவனுக்கு, நிலைபேறே வாழ்த்தாக வந்தது. உண்ட ஔவையாரும் இன்றில்லை. ஈந்த அதியமானும் இன்றில்லை. ஈகையோ இன்றும் நம் பாடசாலைகளிலே சிறுபிள்ளைகளின் வாயில் வழங்குகின்றது. மேலே கூறிய மூன்று வினாக்களையும் இக்கதைக்குப் பொருத்தி மாணாக்கரைக் கொண்டே விடை கூறுவிக்க.

4. திருக்குறளில் அமிழ்தம்

திருவள்ளுவர் வான்சிறப்பு அதிகாரத்தின் முதற்குறளிலேயே மழையை அமிழ்தம் என உணரத்தக்கது என்றார். அமிழ்தம் உண்டாரைச் சாவாது நிலைபெறச் செய்யும். மழை உலகத்தை அவ்வாறு நிலைபெறச் செய்யும் என்பது பரிமேலழகர் உரையின் கருத்து. தேவருலகத்து அமிழ்தம் சிலர்க்கே உரியது. மழையோ நல்லார் தீயார் என்றும் உடையார் இல்லார் என்றும் நோக்காது பெய்வது. ஆறில்லாத யாழ்ப்பாணத்திலே மழைநீரும் அதனாலூறும் கிணற்றுநீருமே உயிர்நிலை. ஆதலின், இக்குறளின் பொருளை நம் பிள்ளைகளுக்கு விளக்க வேறு உவமை தேடவேண்டுவதில்லை.

மக்கட்பேறு அதிகாரத்திலே, தம் மக்களின் சிறுகை அளாவிய கூழ் அமிழ்தத்தினும் மிக இனியது என்றார். கூழ் என்பதற்குச் சோறு என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். பிள்ளைகள் சோற்றை இட்டும் தொட்டும் கவ்வியும் துழாவியும் உடம்பிற் படச் சிதறும் செயலை விளக்குவதற்கு, பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றுச் செய்யுளின் தொடர்களை அவர் மேற்கொண்டார். இங்கே அமிழ்தம் வெறும் அளவுகோலாகி, பிள்ளை சிதறிய சோற்றுக்குத் தோற்றுப் போகின்றது. தேவருணவுக்குச் சுவை உண்டு. ஆயின் அதிலே குழந்தையின் கை படுவதில்லை.

விருந்தோம்பல் அதிகாரத்திலே சாவாமருந்து என்னும் தொடரால் அமிழ்தம் குறிக்கப்படுகின்றது. விருந்தினர் வீட்டின் புறத்தே இருக்க, உண்ணப்படுவது சாவாமருந்தேயாயினும் தானே உண்டல் வேண்டற்பாலதன்று என்பது கருத்து. இளம்பெருவழுதி கூறியதும் இதுவும் ஒன்றே. அவர் உலகத்தின் நிலைபேறு கூறினார். வள்ளுவர் அதனை வீட்டு வாயிலிலே கொண்டுவந்து வைத்தார்.

அவையஞ்சாமைக்கு முன்னுள்ள அவையறிதல் அதிகாரத்திலே வேறோர் ஆட்சி உளது. அறிவாலும் இயல்பாலும் தம் இனத்தவரல்லாதார் கூட்டத்திலே அரிய பொருளைச் சொல்லுதல், அங்கணத்திலே அமிழ்தத்தைக் கொட்டியது போலும் என்றார். அங்கணம் என்பது தூய்மையில்லாத முற்றம். ஈதல் வேண்டும் என்றவரே, ஏற்கும் இடமறிந்து ஈதல் வேண்டும் என்றுங் கூறினார். இக்குறளை எடுத்துக்காட்டி மந்தமாணாக்கரை இகழும் ஆசிரியர் சிலர் இருக்கலாம். அஃது அக்குறளின் கருத்தன்று. பிள்ளையின் நெஞ்சம் அங்கணமன்று. துலக்கி வைக்கவேண்டிய கலம். கலத்தைத் துலக்குதலே ஆசிரியத் தொழில்.

5. சிலம்பும் மேகலையும்

சிலப்பதிகாரத்திலே இச்சொல் வரும் இரண்டிடங்களை அடுத்தடுத்து வைத்து நோக்குக. மனையறம்படுத்த காதையிலே கோவலன் கண்ணகியின் நலத்தைப் பாராட்டுகின்றான். மலையிலே பிறவாத மணி, அலையிலே பிறவாத அமிழ்து, யாழிலே பிறவாத இசை என்னும் பொருள்பட அவன் பேசுகின்றான். சொல் மிக இனிது. ஆயின் அவ்வாறு கூறியவனே பின்னர் அவளைப் பிரிந்து சென்றான். துய்ப்பதற்குரிய பொருளாக மட்டும் கண்ட அமிழ்து அவனுக்குத் தெவிட்டியது.

மற்றையிடம் மதுரைப்புறத்து ஆயர்சேரி. எல்லாச் செல்வமும் இழந்து வந்த கண்ணகி, மாதரி என்னும் இடைக்குல மடந்தையின் ஆதரவிலே, ஐயை துணைசெய்யச் சமைக்கின்றாள். காய்கறி அரிந்து விரல் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது, கண் சிவக்கின்றது. பனையோலைத் தவிசிலே கணவனை இருத்தி, அவன் அடிகளை விளக்கி, தரையிலே நீர் தெளித்து, வாழையின் குருத்தை விரித்துச் சோறு படைக்கின்றாள். படைத்து, அமுதம் உண்க என்று அழைக்கின்றாள். அதுவே அவன் அவள் கையால் உண்ட இறுதி உணவு. சிலம்பு விற்கச் சென்றவன் மீண்டிலன்.

அமுதம் உண்டவன் சாவாதிருப்பான் என்பது கதை. இக்காப்பியத்திலே அமுதம் உண்டவன் உடனே சென்று கொலையுண்டான். ஆகவே, இளங்கோவடிகள் இங்கே அமுதம் என்றது சாவாமையைத் தரும் பொருளையன்று. தன்னைக் கைவிட்டவனுக்கும் தன் கையாற் சமைத்திட்ட அன்பையே. உணவு முடிந்தபின் கண்ணகி தன் துயரை ஒருகாற் கூறுகின்றாள். அப்பொழுதும், தான் பொன்னும் மணியும் இழந்ததைக் கூறவில்லை. அறவோர்க்கு அளித்தலும் துறவோரை எதிர்கொள்ளுதலும் விருந்து ஏற்றலும் தான் இழந்தமையையே கூறுகின்றாள். ஈதலை இழந்ததே அவளுக்கு இழப்பு. இவ்விரண்டு இடங்களையும் ஒப்பிட்டுக் கற்பித்தால், உயர்வகுப்பு மாணாக்கர் ஒரு சொல்லினாலேயே ஒரு காப்பியத்தின் நடையை உணர்வர்.

மணிமேகலையிலே அமுதசுரபி என்னும் பாத்திரம் வருகின்றது. அந்நூல் பௌத்தநூல், ஆயினும் இச்சொல்லைப்பற்றிய ஆராய்ச்சியிலே அதனை விலக்குதல் தகாது. மதுரையிலே ஏழைகளுக்கு இரந்து ஊட்டிய ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி அப்பாத்திரத்தை அளித்தாள். எடுக்க எடுக்கக் குறையாத சோறு அதிலே சுரந்தது. பின்னர் இந்திரன் நாட்டிலே பெருமழை பெய்வித்து வளம் பெருக்க, உண்பாரைக் காணாது அப்பாத்திரம் பயனற்றதாயிற்று. ஆபுத்திரன் உண்பாரைத் தேடிக் கடல்கடந்து செல்லும் வழியிலே மணிபல்லவம் என்னும் தீவிலே தனித்து விடப்பட்டான். கையிலே வற்றாத உணவு உளது. உண்ணப் பிறர் இல்லை. பலரை ஊட்டற்குரிய பாத்திரத்தைக் கொண்டு தன் ஒருயிரைக் காத்துக்கொள்ள அவன் மனம் பொறாது, அதனைக் கோமுகிப் பொய்கையிலே விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தான்.

இந்திரர் அமிழ்தமாயினும் தனித்துண்ணார் என்று புறநானூறு கூறிய சான்றோருக்கு ஆபுத்திரனைப்போல ஓர் எடுத்துக்காட்டு வேறில்லை. மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத்தைச் சார்ந்த நயினாதீவே என்று பலர் கருதுவர். வைகாசித் திங்களிலே அப்பொய்கையினின்று வெளிப்பட்ட பாத்திரம் மணிமேகலையின் கையை அடைந்தது. ஆதிரை என்னும் கற்புடையாள் முதற்பிச்சை இட்டாள். யானைத்தீ என்னும் தீராப்பசியால் வருந்திய காயசண்டிகை அதனால் நோய் நீங்கினாள். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. பிறர்க்கு இடும்போது மட்டுமே சுரக்கத்தக்கது அமுதம் என்பதற்கு இக்கதை சான்று.

6. அடியார் வழக்கில் அமுது

சைவமக்கள் வழக்கிலே இறைவனுக்கு நிவேதிக்கும் உணவு திருவமுது எனப்படும். அதற்குரிய அரிசி முதலியன அமுதுபடி எனப்படும். இவ்வழக்குப் புதியதன்று. 1010ஆம் ஆண்டளவிலே முடிவுற்ற தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களிலே கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. அடைக்காய் என்பது பாக்கு. பாக்கும் அமுதாயிற்று. வைணவர் இல்லங்களிலும் சாற்றமுது முதலிய பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. நெய்யும் தயிரும் கறியும் முன்னிருந்தவையே. தனக்கென வைக்காது படைத்தமையால் அவை அமுது என்னும் பெயரைப் பெற்றன.

பெரியபுராணத்திலே அடியார் உண்ணுதலை அமுது செய்தல் என்று கூறுதல் மரபு. இளையான்குடிமாற நாயனாரை நினைக. செல்வமெல்லாம் அடியார்க்கு ஊட்டி வறுமையுற்றவர் அவர். மழைபெய்யும் நள்ளிரவிலே ஓர் அடியார் பசியோடு வந்தார். வீட்டிலே ஒன்றும் இல்லை. பகலிலே வயலில் விதைத்த நெல்முளையை இருளிலே வாரிக்கொண்டுவந்து, வீட்டின் கூரைக்கழிகளை விறகாக அறுத்து, குழியிலே முற்றாத கீரையைப் பறித்துக் கறியாக்கி, மனைவியாரோடு கூடி உணவு ஆக்கினார். வருகின்ற ஆண்டின் விளைவும் தலைக்கு மேலுள்ள கூரையும் அந்த உணவினுள்ளே அடங்கிவிட்டன. ஈந்தவர்க்கு எஞ்சியது யாது என்று மாணாக்கரை வினாவுக. ஒன்றும் எஞ்சவில்லை என்பர். எஞ்சியவர் இறைவர் என்பது சேக்கிழார் கூறும் விடை. அடியாராக வந்தவர் சோதியாய்த் தோன்றினர்.

திருநாவுக்கரசு நாயனாருக்குப் பகைவர் நஞ்சு கலந்த பாலடிசில் ஊட்டினர். நாதனடியார்க்கு நஞ்சும் அமுதாம் என்னும் துணிவோடு அவர் அதனை உண்டு ஊறின்றியிருந்தார். ஆலகாலத்தை உண்டவரை நெஞ்சிலே வைத்தவர்க்கு அது வியப்பன்று. சீகாழியிலே மூன்று வயதுப் பிள்ளையாராகிய திருஞானசம்பந்தருக்கு உமையம்மையார் பொற்கிண்ணத்திலே ஊட்டிய பாலும் சிவஞானங் கலந்த அமுதமேயாம். பிள்ளையார் அதனை உண்டு வாளா இருந்தாரல்லர். தேவாரமாக உலகினர்க்கு ஈந்தார்.

இச்சொல் அடையத்தக்க உச்சநிலையை மாணிக்கவாசக சுவாமிகளிடத்திலே காண்கின்றோம். அவர் இறைவனை ஆராவமுது என்கின்றார். ஆர்தல் என்பது உண்டு நிறைதல். ஆரா என்பது எதிர்மறை. எத்துணை உண்டாலும் நிறைவுதோன்றாத, தெவிட்டாத அமுது என்பது பொருள். வைணவ ஆழ்வாரும் குடந்தைப் பெருமானை இப்பெயராற் போற்றினர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது உலகப் பழமொழி. அமிர்தத்துக்கும் அளவு உண்டு; அளவு கடந்தால் அது பகையாகும் என்று அப்பழமொழி கூறும். அளவென்பதே இல்லாத ஒன்றை நோக்கி ஆராவமுது என்னும் சொல் செல்கின்றது. இங்கே மேற்கூறிய மூன்று வினாக்களும் புதிய விடை பெறும். ஈந்தவர் இறைவர். ஈயப்பட்டதும் இறைவரே. ஈந்தபின்னும் அவர் குறைவின்றி எஞ்சி நிற்கின்றார்.

7. ஆசிரியர் கவனிக்கத்தக்கன

இவ்விடங்களை எல்லாம் ஒரேநாளிற் கூறுதல் வேண்டா. கீழ்வகுப்பிலே நெல்லிக்கனிக் கதையும் மழையும் போதும். நடுவகுப்பிலே திருக்குறளையும் ஆபுத்திரன் வரலாற்றையும் சேர்க்கலாம். மேல்வகுப்பிலே சிலப்பதிகாரத்தின் ஈரிடங்களையும், வேட்டுவவரியின் கருத்தையும், ஆராவமுது என்னும் சொல்லையும் விரிக்கலாம். மூலச்செய்யுளை மாணாக்கர் முதலிலே படித்தல் வேண்டும். விளக்கம் அதன்பின் வருக.

அமுதம் வருமிடமெல்லாம் ஈகையைக் குறிக்கும் என்று வலிந்து கூறுதலும் தகாது. அமுதமொழி, அமுதகானம் என்னுமிடங்களிலே இனிமை மாத்திரமே பொருள். வள்ளுவர் காமத்துப்பாலிலே காதலியின் தோளுக்கு அமிழ்தத்தைக் கூறியதும் இன்பமிகுதி பற்றியே. திருமூலர் முதலிய யோகநூலார் தலையிலுள்ள மதிமண்டலத்தினின்று ஊறும் அமுதத்தைக் கூறுவது யோகநெறி பற்றியது. இடம்நோக்கிப் பொருள் கொள்ளும் பழக்கமே மாணாக்கர்க்குப் பெரும்பேறு.

இனி, வகுப்பிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் காலையுணவின்றி வந்தவர் ஒருவரோ இருவரோ இருத்தல் கூடும். அவர்க்குத் தேவருணவைப்பற்றி எவ்வளவு கூறினும் சொல் வெறுஞ்சொல்லாகவே நிற்கும். 1877ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது, ஆறுமுகநாவலர் அவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். 1852ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனமாக எழுதி வெளியிட்டவர்களும் அவர்களே. அமுது செய்வித்த அடியார் வரலாற்றை எழுதிய கை, பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கவும் ஏற்பாடு செய்தது. அக்கஞ்சியை அமுதம் என்று கூறுதல் புனைந்துரையாகாது. பாடம் முடிந்தபின், தன் உணவிலே ஒரு பங்கை அருகிருக்கும் பிள்ளைக்கு ஒரு மாணாக்கன் பிறரறியாது கொடுப்பானாயின், அவனே அமுதம் என்னுஞ் சொல்லின் பொருளை அறிந்தவன். அவனுக்கு அகராதிப் பொருள் மறந்துபோயினும் குற்றமில்லை.

பயிற்சி வினாக்கள்

1. அமிர்தம் என்னுஞ் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுக. நீர், பால், சோறு, முத்தி என்னும் பொருள்கள் ஒரு கருத்திலே அடங்குமாற்றை விளக்குக.

2. அதியமானை வாழ்த்தும்போது ஔவையார் நீலமிடற்றுப் பெருமானை உவமை கூறியதன் பொருத்தம் யாது?

3. சாவாமருந்தேயாயினும் தனித்துண்ணலாகாது என்பதனைத் திருக்குறள், புறநானூறு, மணிமேகலை என்னும் மூன்று நூல்களாலும் நிறுவுக.

4. கோவலன் கண்ணகியை அமிழ்து என்றதற்கும், கண்ணகி தான் படைத்த சோற்றை அமுதம் என்றதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

5. ஆராவமுது என்னுந் தொடரை இலக்கணமுறையாற் பிரித்து, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியோடு ஒப்பிட்டுப் பொருள் உரைக்க.